கோரைப்பல் நாயகிகளின் பசி: வாசகர் கேள்வி – பதில்

சென்ற மாத இதழில், காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடை ஒன்றில், பித்தளை அண்டாக்களுக்கும் மங்குச் சாமான்களுக்கும் நடுவே சணல் கயிற்றால் கட்டிப்போட்டிருந்த ஒரு கட்டு ஆங்கில காமிக்ஸ் எனக்குக் கிடைத்த கதையை எழுதியிருந்தேன். அந்தக் கட்டின் மேலாக ‘வேம்பிரெல்லா’ என்ற பெண் வேம்பயரின் இதழ் ஒன்று இருந்ததையும், அதன் அட்டையை உள்பக்கமாக மடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்ததையும் போகிற போக்கில் இரண்டு வரி குறிப்பிட்டேன். அந்த இரண்டு வரிக்கு வந்த கடிதங்கள் மற்ற எல்லாக் கடிதங்களையும் ஓரம் தள்ளிவிட்டன. ஆகவே அரசியலும் சினிமாவும் கேட்டவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்தருள வேண்டும்.

வேம்பிரெல்லா என்பவள் யார்? இரத்தம் குடிக்கும் ஒருத்தி எப்படிக் கதாநாயகி ஆனாள்? அவளுக்கு முன்பு காமிக்ஸில் அப்படி யாரும் இல்லையா?
— கல்லூரி மாணவி, காரைக்குடி

காமிக்ஸுக்கு வருமுன் கதைப் புத்தகத்தைப் பார்த்துவிடுவோம். ஐரோப்பிய இலக்கியத்தில் பெண் வேம்பயர் டிராகுலாவுக்கு மூத்தவள். அயர்லாந்து எழுத்தாளர் ஷெரிடன் லெ ஃபானுவின் ‘கார்மில்லா’ 1872-இல் நூலாகிவிட்டது; பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’ வந்தது 1897-இல். ஆனால் கடிக்கிற பெண்ணானாலும் கடிபட்டு மாறிய பெண்ணானாலும், இந்த இரண்டு நூல்களிலும் அவளுக்கு எழுதி வைத்த முடிவு ஒன்றுதான், நெஞ்சில் மர ஆப்பு அடித்துக் கொல்லப்படுவது. ‘டிராகுலா’வில் லூசி என்ற பெண்ணின் நெஞ்சில் அந்த ஆப்பை அடித்து இறக்குபவன் அவளை மணக்க இருந்தவனே என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், பின்னால் வரும் காமிக்ஸ் நாயகிகள் எவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறார்கள் என்பது விளங்கும்.

அமெரிக்கக் காமிக்ஸில் அவள் வருவதற்கு ஒரு தடை இருந்தது. படக்கதைகள் பிள்ளைகளைக் கெடுக்கின்றன என்ற கூக்குரல் எழுந்து, செனட் உட்குழு வரை விசாரணை போனபிறகு, 1954-இல் பதிப்பாளர்கள் தாங்களே கூடி ஒரு கட்டுப்பாட்டு விதித்தொகுப்பை வகுத்துக்கொண்டார்கள். வேம்பயர், நடைபிணம், ஓநாய்மனிதன் ஆகிய எதையும் காட்டக்கூடாது என்பது அதில் ஒரு விதி. அந்த விதி கட்டுப்படுத்தியது வழக்கமான வண்ணக் காமிக்ஸ் புத்தகங்களைத்தான். ஜேம்ஸ் வாரன் என்ற பதிப்பாளர், பெரிய அளவில், கறுப்பு வெள்ளையில், பத்திரிகை என்ற பெயரில் படக்கதைகளை வெளியிட்டு அந்த வேலியைச் சுற்றிக்கொண்டு போனார். 1969 செப்டம்பர் என்று தேதியிட்டு ‘வேம்பிரெல்லா’ முதல் இதழ் வந்தது அப்படித்தான். பாத்திரத்தைக் கற்பனை செய்தவர் ஃபாரஸ்ட் ஜே. அக்கர்மேன், அட்டையை வரைந்தவர் ஃபிராங்க் ஃபிரஸெட்டா, அந்தச் சிவப்பு உடையை வடிவமைத்தவர் டிரினா ராபின்ஸ் என்ற பெண் ஓவியர்.

முதலில் அவள் வீராங்கனை அல்லள். ஆற்றில் தண்ணீருக்குப் பதிலாக இரத்தம் ஓடும் ‘டிராக்குலான்’ என்ற கோளிலிருந்து வந்தவள், பிறருடைய பேய்க்கதைகளுக்கு முன்னுரை சொல்லி நகைச்சுவை செய்யும் கட்டியக்காரி, அவ்வளவே. எட்டாவது இதழில் ஆர்ச்சி குட்வின் என்ற எழுத்தாளர் அவளைத் தொடர்கதையின் நடுவில் நிறுத்தி, தீய சக்திகளோடு மோதவிட்டபோதுதான் சண்டைக்கதை நாயகி பிறந்தாள். 1971 முதல் ஹோசே கொன்சாலஸ் என்ற ஸ்பெயின் நாட்டு ஓவியர் கைக்கு வந்தபின் அவள் முகத்துக்கு ஒரு சோகமும் நிதானமும் வந்தன. 1983 வரை 112 இதழ்கள் ஓடிற்று. ஒரு பெண்ணின் பெயரைத் தலைப்பில் தாங்கிய பத்திரிகைக்கு அந்தக் காலத்தில் இது சாதாரண ஓட்டமன்று.

1971-இல் விதி தளர்த்தப்பட்டு, பழைய இலக்கிய மரபில் எழுதப்படும் வேம்பயருக்கு அனுமதி கிடைத்தது. மறு ஆண்டே மார்வெல் நிறுவனம் ‘டூம் ஆஃப் டிராகுலா’வைத் தொடங்கியது. அதில் ரேச்சல் வான் ஹெல்சிங் என்று ஒரு வேட்டைக்காரி வருவாள், கையில் குறுக்குவில் ஏந்தியவள். 1982-இல் மார்வெலின் ‘எக்ஸ்-மென்’ என்ற வீரர் குழுவின் கதை ஒன்றில் அவளையே டிராகுலா கடித்து வேம்பயர் ஆக்கிவிடுகிறான். தன்னைக் கொன்றுவிடும்படி அவளே வேண்ட, அந்தக் குழுவின் வுல்வரின் என்ற வீரன் அதைச் செய்து முடிக்கிறான். 1897-இன் ஆப்பு 1982-இலும் அப்படியே இருந்தது! 2010-இல் அதே எக்ஸ்-மென் உலகில் ஜூபிலி என்ற இளம்பெண் கடிபட்டு வேம்பயர் ஆகிறாள். அவளை யாரும் கொல்லவில்லை. வேம்பயராகவே நாயகியாகத் தொடர்ந்தாள். இந்த இருபத்தெட்டு ஆண்டு இடைவெளியில் மாறியது என்ன என்று கேட்டால், வேம்பயர் ஆன பெண்ணுக்கும் ஒரு மறுநாள் உண்டு என்பதை எழுதுகிறவர்கள் ஒப்புக்கொண்டார்கள் என்பேன்.

இந்த நாயகிகள் சண்டை போடுகிறார்களா, சண்டை போடுவதுபோல் நிற்கிறார்களா? படம் வரையக் கற்றுக்கொடுப்பவன் என்ற முறையில் கேட்கிறேன்.
— ஓவிய ஆசிரியர், தேவகோட்டை

கேள்வியிலேயே பாதிப் பதில் இருக்கிறது, ஐயா. உங்கள் கடிதம் வந்த அன்று மாலை, மேற்சொன்ன கட்டிலிருந்து 1990-களின் அட்டை ஒன்றை எடுத்து, முகப்புத் திண்ணையில் வைத்து, மேலே டிரேசிங் தாளை விரித்து, நாயகியின் உடல் முழுவதையும் விட்டுவிட்டு முதுகெலும்பை மட்டும் பென்சிலால் கோடாக இழுத்துப் பார்த்தேன். கழுத்திலிருந்து கோடு வலப்புறம் போயிற்று. மார்பு நம்மைப் பார்க்க வேண்டும் என்பதற்காக இடப்புறம் திரும்பிற்று. பின்புறமும் நம் கண்ணில் பட வேண்டும் என்பதற்காக இடுப்பில் மறுபடி ஒரு சுற்றுச் சுற்றிற்று. தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தபோது, சிலேட்டில் முதன்முதலாக ‘ஒ’ எழுதப் பழகும் பிள்ளையின் கைச்சுழிபோல் இருந்தது. அந்த முதுகெலும்போடு ஒருத்தி வாள் வீச முடியாது. வைத்தியரிடம்தான் போக முடியும். அதே அட்டையில் பின்னால் நின்ற ஆண் அரக்கனுக்கும் கோடு இழுத்தேன். காலை ஊன்றி, இடுப்பைத் தாழ்த்தி, தோளை முன்தள்ளி, அடிக்கப் போகிறவன் எப்படி நிற்பானோ அப்படியே நின்றான். உடற்கூறு தெரியாத ஓவியர் அல்லர் அவர் என்பது இதிலிருந்து தெளிவாகிறது. யாருக்கு எந்த உடற்கூறு என்பதில்தான் வேறுபாடு.

1990-களில் ‘பேட் கேர்ள்’, அதாவது ‘கெட்ட பெண்’, காமிக்ஸ் என்று ஒரு அலையே அடித்தது. கேயாஸ் காமிக்ஸ் வெளியிட்ட ‘பர்கடோரி’ என்ற சிவப்புத் தோலும் சிறகும் உடைய வேம்பயர் பெண் அந்த அலையில் வந்தவள். காமிக்ஸ் கடைகளில் சேகரிப்பாளர்கள் ஒரே இதழை அட்டைக்காகவே வாங்கி உறையிலிட்டு வைத்த காலம் அது. திறந்து படிக்கப்படாத புத்தகத்துக்கு உள்ளே கதை எப்படி இருந்தால் என்ன? 2012-இல் சில வாசகர்கள், நாயகிகளை வரையும் அதே முறுக்கிய நிலைகளில் ‘ஹாக்ஐ’ என்ற ஆண் வீரனை வரைந்து வெளியிட்டார்கள். ‘ஹாக்ஐ இனிஷியேட்டிவ்’ என்று அதற்குப் பெயர். பார்த்த எவராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. உங்கள் மாணவர்களுக்கு ஒரு வகுப்பில் இதைச் செய்யச் சொல்லுங்கள். நான் நான்கு பக்கம் எழுதுவதைக் காட்டிலும் அது விளங்கும்.

டிரினா ராபின்ஸைப் பற்றி ஒன்று சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அந்தச் சிவப்பு உடையை வடிவமைத்தவரே, பின்னாளில் அது பிற ஓவியர்கள் கையில் சுருங்கிக்கொண்டே போனதை வெளிப்படையாகக் குறை கூறினார். 1970-இல் அமெரிக்காவில் முழுவதும் பெண்களே உருவாக்கிய முதல் காமிக்ஸ் புத்தகத்தைக் கொண்டுவந்தவர்களில் அவர் முதன்மையானவர். பிறகு வாழ்நாளின் பெரும்பகுதியை மறக்கப்பட்ட பெண் ஓவியர்களின் வரலாற்றை எழுதுவதில் கழித்து, 2024-இல் மறைந்தார். 2016-இல் கேட் லெத் என்ற பெண் எழுத்தாளர் எழுதிய வேம்பிரெல்லா தொடரில் அவளுக்கு ஓடவும் உதைக்கவும் ஏற்ற புதிய உடை கிடைத்தது. பழைய உடைக்கு ஏங்கியவர்களும் இருந்தார்கள் என்பதை மறைப்பதற்கில்லை.

வேம்பயர் உருவம் கண்ணாடியில் தெரியாது என்கிறார்கள். அப்படியானால் இவர்கள் எல்லோரும் உதட்டுச் சாயத்தை இவ்வளவு திருத்தமாகப் பூசிக்கொள்வது எப்படி?
— வாசகர், பள்ளத்தூர்

பூசிவிடுபவர் ஓவியர்.

தம்பிக்கு, பேத்தி விடுமுறைக்கு வந்தபோது ஒரு படக்கதைப் புத்தகம் கொண்டுவந்தாள். அதில் ஒரு பெண் கோரைப்பல்லோடு இருக்கிறாள். ஆனால் இரத்தம் குடிக்க மாட்டாளாம், அதற்குப் பதிலாக மருந்து குடிப்பாளாம். காட்டேரி எங்கேயாவது விரதம் இருக்குமா? எங்கள் காலத்துப் பேய்க்கதைகளில் இப்படிக் கேட்டதில்லை.
— ஆச்சி ஒருவர், கானாடுகாத்தான்

ஆச்சி, வந்த கடிதங்களில் உங்களுடையதுதான் விஷயத்தின் மடியில் கை வைத்தது. உடையைப் பற்றியும் இடுப்பைப் பற்றியும் எல்லோரும் கேட்டார்கள். பசியைப் பற்றிக் கேட்டவர் நீங்கள் ஒருவரே.

வேம்பிரெல்லா நாயகி ஆன அந்த எட்டாவது இதழிலிருந்து தொடங்குகிறது இந்த விரதம். மருத்துவர் ஒருவர் தயாரித்துக் கொடுக்கும் மாற்று மருந்தைக் குடித்து, மனித இரத்தத்தின் மேலுள்ள தாகத்தை அவள் அடக்கிக்கொள்கிறாள். மருந்துப் புட்டி கைநழுவிப் போகும்போதெல்லாம் கதையில் பரபரப்பு. அதே காலத்தில், 1972 முதல் 1979 வரை 70 இதழ்கள் வந்த ‘டூம் ஆஃப் டிராகுலா’வில் டிராகுலா எந்த விரதமும் இருக்கவில்லை. அவன் பசித்தான், கடித்தான், குடித்தான். அதனாலேயே அவன் கம்பீரமானவன் என்று வரையப்பட்டான். தலைப்பில் இருப்பதும் அவன் பெயரே. ஆணுக்குப் பசி மிடுக்கு, பெண்ணுக்குப் பசி களங்கம். அவள் நல்லவளாக வேண்டுமானால் முதலில் பட்டினி கிடக்க வேண்டும். கோரைப்பல் கொடுப்பார்கள், சிறகு கொடுப்பார்கள், பத்துப் பேரைத் தூக்கி எறியும் வலு கொடுப்பார்கள். எதற்காக அந்தப் பல் முளைத்ததோ அதை மட்டும் கொடுக்க மாட்டார்கள். கடைசிப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, ‘எனக்குப் பசியே இல்லை, நீங்கள் சாப்பிடுங்கள்’ என்று சொல்லிப் பழகிய தலைமுறை உங்களுடையது. இது உங்கள் கண்ணில் பட்டதில் வியப்பில்லை.

நம் பழைய இலக்கியத்துப் பேய்மகளிர் இப்படி இல்லை. சயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியில் பேய்கள் தங்கள் பசியைக் காளியிடம் முறையிடுவதற்கென்றே ஒரு பகுதி உண்டு. போர் முடிந்ததும் களத்திலேயே அடுப்பு மூட்டிக் கூழ் சமைத்து, ஒன்றையொன்று கேலி பேசிக்கொண்டு, பந்தி வைத்து உண்கின்றன. அதைப் படிக்கும்போது அருவருப்பும் சிரிப்பும் ஒன்றாக வரும். அந்தப் பசிக்காக யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. இன்னும் பின்னால் போனால் நம் காரைக்காலம்மையார். வணிகர் வீட்டில் பிறந்து, வணிகனுக்கு வாழ்க்கைப்பட்டு, பின்பு உடலின் அழகையெல்லாம் உதறிவிட்டுப் பேயுருவை வேண்டிப் பெற்றவர். திருவாலங்காட்டுப் பதிகத்தின் தொடக்கத்தில் அவர் ஒரு பெண்பேயை வருணிக்கிறார்: வற்றிய மார்பு, புடைத்த நரம்பு, குழிந்த வயிறு, சிவந்த முடி, நீண்ட இரண்டு பற்கள். ஆமாம் ஆச்சி, இரண்டு நீண்ட பற்கள். கார்மில்லாவுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் மூத்தவை. அந்த உருவம் யார் கண்ணுக்கும் விருந்தாக வரையப்பட்டதன்று. சோழர் காலச் செப்புத் திருமேனிகளில் எலும்பும் தோலுமாய்க் கையில் தாளத்தோடு அவர் அமர்ந்திருக்கும் முகத்தைப் பார்த்தால், தன் உடல் தனக்கே உரியது என்ற நிம்மதி தெரியும்.

பேத்தியிடம் இந்தப் பாட்டைப் படித்துக் காட்டுங்கள். படக்கதையையும் பிடுங்கிவிடாதீர்கள்.

ஜப்பானிய மாங்கா நாயகிகள் இவர்களிலிருந்து மாறுபட்டவர்களா? என் விடுதி அறையில் இதுபற்றி நாள்தோறும் சண்டை நடக்கிறது.
— பொறியியல் மாணவர், புதுவயல்

மாங்கா என்றால் ஜப்பானியப் படக்கதை. சண்டையை நிறுத்த முடியாது, கொஞ்சம் விறகு போடலாம்.

நரூமி ககினோவுச்சி என்ற பெண் ஓவியர் வரைந்த ‘வேம்பயர் பிரின்சஸ் மியூ’ 1988-இல் வந்தது. மியூவுக்கு உருவத்தில் பதினைந்து வயதுக்கு மேல் இராது. வெள்ளைக் கிமோனோ, சிவப்பு இடைக்கச்சு, அமைதியான குரல். தப்பித்துத் திரியும் ‘ஷின்மா’ என்ற அரக்கர்களை இருளுக்குத் திருப்பி அனுப்புவது அவள் கடமை. தப்பிக்க முடியாத கடமை. இந்த நாயகி இரத்தம் குடிக்கிறாள். வாழ்க்கையில் ஈடுசெய்ய முடியாததை இழந்தவர்களிடம் அதைப் பெற்றுக்கொண்டு, பதிலுக்கு முடிவில்லாத இனிய கனவு ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போகிறாள். அது கருணையா, களவா என்று கதை தீர்ப்புச் சொல்வதில்லை. படித்து முடித்த பிறகும் நமக்கு அந்தச் சங்கடம் தீராது. அதனாலேயே அவளை மறக்கவும் முடியாது.

2000-இல் வந்த ‘பிளட்: தி லாஸ்ட் வேம்பயர்’ அசைவூட்டப் படமாகப் பிறந்து பின்பு மாங்கா ஆனது என்றாலும் இங்கே சேர்த்துக்கொள்கிறேன். 1966, ஜப்பானில் உள்ள யொகோட்டா அமெரிக்க விமானப்படைத் தளம். சாயா என்ற பெண் பள்ளிச் சீருடையில், கையில் வாளோடு, மனித உருவில் ஒளிந்திருக்கும் கொடிய உயிர்களை வேட்டையாடுகிறாள். சிரிப்பதில்லை, அதிகம் பேசுவதில்லை, அழகு காட்டி நிற்பதில்லை. கடைசியில், தான் வெட்டி வீழ்த்திய உயிர் மூச்சுத் திணறிக் கிடக்க, அதன் வாயருகே தன் கையை நீட்டித் தன் இரத்தத்தைச் சொட்டுச் சொட்டாக விடுகிறாள். வசனம் கிடையாது. பெண் வேம்பயர்களைப் பற்றிய கதைகளில் நான் பார்த்தவற்றுள் மிகச் சிறந்த காட்சி இது. அவள் யாருடைய இனம், யாருக்காக யாரைக் கொல்கிறாள் என்பதெல்லாம் அந்தச் சொட்டுக்குள் அடங்கிவிடுகிறது. பள்ளிச் சீருடை ஜப்பானிய வணிகத்துக்கு ஒரு தூண்டில் என்பதையும் நான் மறுக்கவில்லை.

கோட்டா ஹிரானோவின் ‘ஹெல்சிங்’ 1997 முதல் 2008 வரை தொடராக வந்தது. அதில் வரும் செராஸ் விக்டோரியா காவல்துறைப் பெண்ணாக இருந்து வேம்பயர் ஆனவள். 30 மில்லிமீட்டர் பீரங்கியைத் தோளில் தூக்கிச் சுடுகிறவள். ஓவியர் அவள் சீருடையை இரண்டு அளவு குறைத்தே தைத்திருக்கிறார் என்பதில் ஐயமில்லை. ஆனால் கதையை முழுக்கப் படித்தால் அவளுடைய போராட்டம் பசியைப் பற்றியது என்பது தெரியும். நெடுநாள் அவள் இரத்தத்தைத் தொடுவதில்லை. அவள் அருகில் போரிட்ட கூலிப்படை வீரன் ஒருவன் சாகும் தறுவாயில் தன் இரத்தத்தைக் குடிக்கச் சொல்ல, அழுதுகொண்டே குடிக்கிறாள். அந்த நொடியில்தான் அவள் முழு வலிமை பெறுகிறாள். (இன்னும் படிக்காதவர்கள் என்னை மன்னிக்க வேண்டும், முடிவைச் சொல்லாமல் இதை விளக்க எனக்கு வழி தெரியவில்லை.) விரதத்தால் நல்லவளாகும் வேம்பிரெல்லாவையும், குடித்ததால் முழுமையானவளாகும் செராஸையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உங்கள் விடுதிச் சண்டைக்கு இன்னும் ஒரு மாதம் தாங்கும்.

அதே கதையில் வேம்பயர்களுக்கெல்லாம் கட்டளையிடும் இன்டெக்ரா என்ற தலைவி சாதாரண மனிதப் பெண். சூட்டு, மூக்குக்கண்ணாடி, வாயில் சுருட்டு. அவளை எந்தக் கோணத்திலும் வளைத்து வரையவில்லை. ஒரே ஓவியர், ஒரே புத்தகம்!

பெண் உடலின் அழகை வரைவதையே தாங்கள் குற்றமாகச் சொல்வதுபோல் சென்ற மாதக் குறிப்பு இருந்தது. அப்படியானால் நம் கோயில் சிற்பங்களை என்ன செய்வீர்கள்?
— ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கண்டனூர்

நியாயமான இடி, ஐயா, வாங்கிக்கொள்கிறேன். அட்டையை மடித்துக்கொண்டு வந்தது என் கூச்சம். அதைத் தத்துவமாக்கியிருக்கக் கூடாது.

ஆனால் சிற்பத்தை நீங்கள் சாட்சிக்கு அழைத்ததால், அதையே கேட்போம். மாமல்லபுரம் மகிடாசுரமர்த்தினி குகையில் கொற்றவை சிங்கத்தின் மேல் அமர்ந்து வருகிறாள். எட்டுக் கைகள், நாணை இழுத்த வில், முன்னோக்கிய உடல். அவள் அழகி, சிற்பி அதை மறைக்கவில்லை. ஆனால் அவள் உடலில் உள்ள ஒவ்வொரு வளைவும் அந்த அம்பு போகும் திசையில் போகிறது. எதிரே எருமைத்தலை அரக்கன் கதாயுதத்தோடு பின்வாங்கிச் சாய்கிறான். அவள் பார்வை அவன்மேல். சுவருக்கு வெளியே நிற்கும் நம்மேல் அன்று. நான் குறை சொல்லும் அட்டைகளில் நாயகி அரக்கனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நம்மைப் பார்க்கிறாள். அரக்கன் பாய்ந்தால் என்ன ஆவாள் என்ற கவலை அவளுக்கும் இல்லை, அவளை வரைந்தவருக்கும் இல்லை. நாட்டியப் பெண்ணின் ஒசிந்த இடையை நாட்டியத்தில் வைத்த சிற்பி, போர்க்களத்துக்கு வேறு உளியை எடுத்தான். காமிக்ஸ் ஓவியரிடமும் நான் கேட்பது அந்த இரண்டாவது உளியைத்தான்.

அப்படி எடுத்தவர்களும் உண்டு. ரஃபேல் அல்புகெர்கே என்ற பிரேசில் ஓவியர், 2010-இல் தொடங்கிய ‘அமெரிக்கன் வேம்பயர்’ தொடரில் பேர்ல் ஜோன்ஸ் என்ற பெண்ணை வரைந்தார். 1920-களில் ஹாலிவுட்டில் நடிகையாக முயல்கிறவள். விருந்துக்கு அழைத்த பெருந்தலைகளே அவளைக் குதறி எறிகிறார்கள். எழுந்து வந்து கணக்குத் தீர்க்கிறாள். சாதாரண நேரத்தில் பேர்ல் அழகி. சினம் வந்தால் தாடை இறங்கி, விரல்கள் கொக்கிபோல் நீண்டு, பார்க்கச் சகிக்காதவளாகிறாள். அந்தக் கட்டங்களில் ஓவியர் அவள் அழகைக் காப்பாற்ற முயலவில்லை. எனக்குக் காரைக்காலம்மையாரின் வரிகள் நினைவுக்கு வந்தன. அதே தொடரில் அவள் கணவன் ஹென்றி மனிதனாகவே இருந்து மூப்படைய, அவள் இளமை மாறாமல் அவனோடு வாழ்கிற பகுதிகள் சண்டைக் காட்சிகளைவிட மேலானவை.

தமிழில் இத்தகைய நாயகிகள் வந்ததுண்டா?
— பழைய காமிக்ஸ் சேகரிப்பவர், கோட்டையூர்

1972-இல் இரும்புக்கை மாயாவியோடு முத்து காமிக்ஸ் தொடங்கியது. 1984-இல் லயன் காமிக்ஸின் முதல் இதழே ஒரு பெண்ணின் கதை; ‘கத்தி முனையில் மாடஸ்டி’. பீட்டர் ஓ’டானல் 1963-இல் படைத்த மாடஸ்டி பிளைசியை நம் வாசகர்கள் ‘இளவரசி’ என்றே அழைத்து வந்திருக்கிறார்கள். அவளுக்குக் கோரைப்பல் இல்லை. ஆனால் அவள் அடித்தால் அடி விழும், திட்டம் போட்டால் அது அவளுடைய திட்டம். தொடர்ந்து நினைவில் நின்ற வேம்பயர் நாயகி என்று தமிழில் எனக்கு ஒருத்தியும் இல்லை. சிவகாசியிலிருந்து வந்த அந்தக் கறுப்பு வெள்ளைத் தாளில் இரத்தமும் கறுப்பு மைதான். வியர்த்த கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டு வரும். ரோஜா முத்தையா அச்சடித்த காகிதம் எதையும் இளக்காரமாக நினைக்காமல் சேர்த்து வைத்த ஊரில் இருந்துகொண்டு நீங்கள் காமிக்ஸ் சேர்ப்பது பொருத்தமாகவே இருக்கிறது. கறையானிடமிருந்து காப்பாற்றுங்கள்.

என் மகளுக்குப் பதின்மூன்று வயது. இவற்றில் எதை வாங்கிக் கொடுக்கலாம்?
— ஒரு தாய், தேவகோட்டை

‘மியூ’வை நீங்கள் முதலில் படித்துவிட்டுக் கொடுங்கள். மேலே நான் சொன்ன மற்றவை வளர்ந்தவர்களுக்கு.

நானும் என் தோழியும் ஒரு காமிக்ஸ் வரையத் தொடங்கியிருக்கிறோம். செட்டிநாட்டு வீடு ஒன்றில் தனியாக வாழும் பெண் வேம்பயர், ஊரில் நடக்கும் சிலைத் திருட்டைத் தடுக்கிறாள். எங்களுக்கு என்ன சொல்வீர்கள்?
— இரண்டு மாணவிகள், காரைக்குடி

முதலில் உங்கள் இடத் தேர்வுக்கு ஒரு சபாஷ். வேம்பயருக்கு வெயில் ஆகாது என்ற மரபை வைத்துக்கொண்டால், நம் வீட்டைப்போல் அவளைச் சோதிக்கும் இடம் வேறு இல்லை. சுற்றிலும் பூட்டிய இருட்டறைகள். நடுவே வானம் பார்த்த வளவு. காலையில் மேற்குத் தூண்களில் இருக்கும் வெயில் நண்பகலில் முற்றத்து நடுவில் இறங்கி, மாலையில் கிழக்குச் சுவர் ஏறும். அவள் சமையற்கட்டிலிருந்து முகப்புக்கு வர வேண்டுமானால் தூண் நிழலுக்குத் தூண் நிழல் தாண்டித் தாண்டித்தான் வர வேண்டும். ஒரு பக்கம் முழுவதும் வசனமே இல்லாமல் இதை வரையலாம். ஆத்தங்குடிக் கல்லில் விழும் வெயில் கட்டங்களை அளந்து வரையுங்கள். ஒரு நாள் முழுவதும் ஏதேனும் ஒரு வளவில் உட்கார்ந்து மணிக்கொரு முறை குறித்துக்கொண்டால் போதும்.

வீட்டார் அழைக்காமல் வேம்பயர் நிலைவாசல் தாண்ட முடியாது என்று ஒரு மரபு உண்டு. அது நம் ஊரில் செல்லாது. வாசலில் நிழலாடினாலே உள்ளே இருந்து ‘வாங்க, வாங்க’ என்று இரண்டு குரல் வந்துவிடும். ஆளைப் பார்ப்பது அதற்குப் பிறகு. இதை வைத்து உங்கள் வில்லனையும் உள்ளே விடலாம்.

உடையைப் பற்றி அதிகம் யோசிக்காதீர்கள். அவள் சுவர் ஏற வேண்டியவள் என்பதை மட்டும் மறக்காதீர்கள். யோசிக்க வேண்டியது அவள் சாப்பாட்டைப் பற்றி. ஆட்டு இரத்தம், மாற்று மருந்து, மருத்துவமனைப் பை என்று சுலபமாகத் தப்பித்துவிடத் தோன்றும். தப்பிக்காதீர்கள். எட்டாவது பக்கத்துக்குள் அவளுக்குப் பசிக்கட்டும். யாரிடம், எப்படி, எதைக் கொடுத்துவிட்டுக் குடிக்கிறாள் என்பதை இருவரும் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். அது முடிவானால் சிலைத் திருடனை அவள் என்ன செய்வாள் என்பது தானே தெரிந்துவிடும்.

முதல் நான்கு பக்கங்கள் முடிந்ததும் நகல் எடுத்து எனக்கு அனுப்புங்கள். டிரேசிங் தாள் இன்னும் பாதிச் சுருள் மிச்சம் இருக்கிறது.